வெளிவீட்டுப் பழக்கம்

என் தம்பிக்கு ‘வேண்டும்’ என்று சொல்லத் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிட விரும்புகிறேன். ஏனெனில் அவனுக்கெனத் தனி விருப்பம் எதுவும் இல்லையென்று திருச்சிராப்பள்ளியில் ஒரு நீதிமன்றம் முடிவு செய்தது. அம்முடிவின்படியே அவன் வளர்ந்தான், அம்மா மூப்படைந்தாள், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அக்காவாக இருக்கப் பழகிக்கொண்டேன்.

அவன் அச்சொல்லைச் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. அம்மா எந்த வேலையில் இருந்தாலும் பின்புறமாக வந்து அவள் தோளைப் பற்றுவான். இரு கைகளாலும் அவள் காதைச் சுற்றிக் கூடு போல் குவித்து, அதற்குள் வாயை வைத்து, “வேணும்” என்பான். என்ன வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டான். பாலின் மேல் படிந்த ஏடா, தோசையின் முறுகிய ஓரமா, வெல்லக்கட்டியா என்பதை அம்மாதான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் ஒருமுறையேனும் தவறியதாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் முதலில் பொன்மலையில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அங்கே ரயில் பணிமனையில் வேலை. அவர் குடிப்பவர் அல்லர். கை நீட்டுபவரும் அல்லர். சினம் வந்தால் அம்மாவிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். அந்தப் பேசாமை ஒரு பருவம் போல வந்து தங்கும். எப்போது தொடங்கியது, எதனால் தொடங்கியது என்பதே மறந்துபோன பின்பும் அது நீடிக்கும். அக்காலங்களில் இருவருக்கும் நடுவே செய்தி சுமப்பவன் தம்பி. நான் பெரியவள், என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லியனுப்ப அவர்கள் கூசியிருக்க வேண்டும். அவனோ மழலை மாறாதவன். அதை ஒரு விளையாட்டு என்றே நம்பினான்.

“அம்மாகிட்டச் சொல்லு, எனக்குச் சோறு போதும்னு” என்பார் அப்பா. அம்மா கைக்கெட்டும் தொலைவில் கரண்டியோடு நிற்பாள்.

“அம்மா, அப்பாவுக்குச் சோறு போதுமாம்.”

“மோர் ஊத்தவான்னு அப்பாகிட்டக் கேளு.”

“அப்பா, மோர் ஊத்தவான்னு கேக்குறாங்க.”

“ம்.”

“அம்மா, அப்பா ‘ம்’முங்குறாங்க.”

ஒரு நண்பகலில் அப்பா எதுவும் சொல்லாதிருக்கும்போதே அவன் திரும்பி, “அம்மா, அப்பாவுக்கு இன்னொரு அப்பளம் வேணுமாம்” என்றான். அம்மா அப்பளத்தை அப்பாவின் தட்டில் வைத்தாள். அப்பா அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்தார். “இவன் பெரிய வக்கீலாத்தான் வருவான்” என்றார், யாரையும் பாராமல். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அவ்விருவரும் ஒரே வேளையில் சிரித்து நான் கடைசியாகக் கண்டது அன்றுதான்.

அந்தக் கோடை விடுமுறையில் அம்மா எங்களைத் திருவரங்கத்திற்கு அழைத்துவந்தாள். பள்ளி திறந்த பின்னும் பொன்மலைக்குத் திரும்பவில்லை. முழுக் காரணத்தை நான் அறியேன். “பேசாத வீட்டுல எத்தன நாள்தான் நானே பேசிக்கிட்டு இருக்கறது” என்று மாமாவிடம் அவள் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. மாமா அவளுக்கு மூத்தவர். திருவரங்கத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடையவளைந்தான் தெருவில் இருந்த தம் வீட்டின் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தார். அம்மா திருமணத்திற்கு முன் ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்தாள். சில மாதங்களில் திருவானைக்காவலில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது.

அக்காலத்தில்தான் அவள் எங்களுக்கு வெளிவீட்டுப் பழக்கத்தைக் கண்டிப்பாகக் கற்பித்தாள். கணவன் வீட்டை விட்டு வந்தவளின் பிள்ளைகள் பிறர் வீட்டுத் தட்டைப் பார்த்து ஏங்குகிறார்கள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் அச்சம்.

“வெளிவீட்டுல எதையும் கேக்கக் கூடாது. அவங்களாக் குடுத்தாலும் மொதல்ல வேண்டாம்னு சொல்லணும். ரெண்டாந்தரம் கேட்டா, போதும்னு சொல்லணும். அதுக்கப்புறமும் கேட்டாங்கன்னா வாங்கிக்கலாம்.”

“வேணும்னு இருந்தா?” என்றான் தம்பி.

“இருந்தாலும்.”

“ரொம்ப வேணும்னு இருந்தா?”

“வீட்டுக்கு வந்து என் காதுல சொல்லு.”

இதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் வளர்ந்தார்கள். கொடுப்பவர் மும்முறை கேட்பார். பெறுபவர் இருமுறை மறுப்பார். முதல் மறுப்பை எவரும் மறுப்பாகக் கொள்வதில்லை. கொண்டால் பண்பறியாதவர் என்று பெயராகும்.

மாமாவின் வீடு வெளிவீடா, நம் வீடா என்னும் ஐயம் தம்பிக்குச் சில காலம் இருந்தது. அதைத் தீர்த்துவைத்தவள் அத்தை, மாமாவின் மனைவி. கெட்ட உள்ளம் உடையவள் அல்லள். வாய்தான் சற்று நீளம். அவன் மூன்றாம் முறையாகச் சோறு கேட்ட ஒரு நாள், “உனக்கு இருக்கறது வயிறாடா, வாய்க்காலாடா? தண்ணி தொறந்துவிட்ட மாதிரி போயிக்கிட்டே இருக்கு” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பரிமாறினாள். அவனும் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த வீட்டிலும் அவன் “போதுங்க அத்தை” என்று சொல்லலானான். அத்தை பதறிப்போய், “நான் விளையாட்டுக்குச் சொன்னேன்டா, கண்ணு” என்றாள். பிறகு அவளே அக்கம்பக்கத்தில் அவன் அடக்கத்தைப் புகழ்ந்தாள். அவனுக்கென எஞ்சிய சொந்த வீடு அம்மாவின் காது ஒன்றே.

அப்பா எங்களைத் தேடி வரவில்லை. அம்மா முதலில் அஞ்சினாள். பிறகு அவர் எங்களை மறந்துவிட்டார் என்று எண்ணி ஆறுதல் கொண்டாள். தம்பிக்கு ஐந்து வயது நிறைந்த அன்று பாயசம் வைத்தாள். சில நாள்களுக்குப் பின் நீதிமன்ற ஆள் வந்து அழைப்பாணையைக் கொடுத்துச் சென்றான். மகனைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டுமென்று அப்பா மனு செய்திருந்தார். மகனை மட்டும். மனுவில் நான் இல்லை. மாமா அதை வாசித்து முடித்ததும் என் தலையில் கை வைத்து, “நீ எங்கேயும் போக வேண்டியதில்லையம்மா” என்றார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

எங்கள் வழக்கறிஞர் கண்டோன்மெண்டில் இருந்தார். வயதானவர், கட்சிக்காரர்களுக்குச் சுவையான காப்பி கொடுத்துவிட்டுக் கசப்பான செய்தியைச் சொல்வார். மாமாவும் அம்மாவும் எதிரில் அமர்ந்தார்கள். நானும் தம்பியும் சுவரோரம் இருந்த பெஞ்சில்.

“அவர் ஏன் இத்தன நாள் சும்மா இருந்தாருன்னு இப்பப் புரியுதா?” என்றார். “அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குழந்தைய சாதாரணமா அம்மாகிட்டத்தான் விடுவாங்க. அது முடியட்டும்னு காத்திருந்திருக்கார். இப்பச் சட்டப்படி மைனர் பையனுக்கு இயற்கையான கார்டியன் அப்பா. அவருக்கு அப்புறம்தான் அம்மா.”

“அவருக்கு அப்புறம்னா?” என்று அம்மா கேட்டாள்.

“அவர் இல்லாமப் போனா.”

அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். பின்பு, “எங்க பள்ளிக்கூடத்துல குடியரசு நாளுக்குப் பிள்ளைங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கறேன், சட்டத்துக்கு முன்னால ஆணும் பொண்ணும் சமம்னு. அரசியல் சட்டத்துல அப்படித்தானே இருக்கு? அப்புறம் நான் எப்படி அவருக்கு அப்புறம்?” என்றாள்.

வழக்கறிஞர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நல்ல கேள்விதாம்மா. ஆனா அதக் கேக்குற எடம் இது இல்ல. டெல்லி வரைக்கும் போகணும். அதுக்குள்ள உங்க பையன் கல்யாணத்துக்கே நாள் பார்த்துடுவீங்க.”

அந்தக் கேள்விக்கு, தந்தை இருக்கும்போதே தாயும் காப்பாளராகலாம் என்று நாட்டின் உயர்ந்த மன்றம் விடை சொல்ல ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. நாளிதழில் அச்செய்தியை வாசித்தபோது காட்டுவதற்கு அம்மா இல்லை.

“இன்னொரு வழி இருக்கு” என்று வழக்கறிஞர் அன்று தொடர்ந்தார். “அப்பாவுக்கு உரிமை இருக்கு, சரி. ஆனா எல்லாத்துக்கும் மேல குழந்தையோட நலன்தான் முக்கியம்னும் அதே சட்டம்தான் சொல்லுது. யோசிச்சுச் சொல்ற வயசுன்னு தோணுனா ஜட்ஜ் குழந்தையவே கூப்பிட்டுக் கேக்கலாம். இவர் கேக்குறவர். பையன் ‘எனக்கு அம்மா வேணும்’னு தெளிவா ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் பாதி வேலை முடிஞ்சுது.”

“வேணும்னா நான் நாலு தரம் சொல்லி வச்சிடுறேனுங்க” என்றார் கதவருகே நின்ற குமாஸ்தா. “போன மாசம் ஒரு பொண்ணு வந்துது பாருங்க, சொல்லிக் குடுத்ததை ஒப்பிச்சுட்டு, ‘சரியாச் சொன்னேனா மாமா’ன்னு ஜட்ஜ் முன்னாலயே திரும்பி எங்கிட்டக் கேட்டுருச்சு.”

“நீர் வாய மூடும்” என்றார் வழக்கறிஞர். “சொல்லிக் குடுக்காதீங்கம்மா. சொல்லிக் குடுத்த பேச்சு அவர் காதுக்கு உடனே தெரிஞ்சுபோயிடும். அப்புறம் நம்ம தரப்பு மொத்தமும் கெட்டுது.”

“எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?” என்றாள் அம்மா. “எம் புள்ள எங்கிட்ட இருப்பேன்னு சொல்ல, அவனுக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்கணுமா?”

மாமா தலையசைத்தார். பொய் கலவாத வழக்கு என்பதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருந்தது. அவ்வீட்டில் வளர்ந்த எவருமே அப்படித்தான் செய்திருப்பார்கள்.

வழக்கு இழுத்தடித்தது. தம்பி ஏழாம் வயதை எட்டும் தறுவாயில்தான் அந்த நாள் வந்தது. அம்மா அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தலை வாரி, நீலக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் அணிவித்தாள். சொன்ன சொல்லைக் காப்பவள்; எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “பெரியவங்க ஏதாச்சும் கேப்பாங்க. மரியாதையாப் பதில் சொல்லணும்” என்றாள்.

“சரிம்மா.”

பேருந்து காவிரிப் பாலத்தைக் கடக்கையில் அவன் சன்னலில் முகம் பதித்து மணல்திட்டில் மேய்ந்த கழுதைகளைக் காட்டினான். திரும்பும் வழியில் இறங்கிப் பார்க்கலாம் என்று அம்மா சொன்னாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தின் மறுகோடியில் அப்பா நின்றிருந்தார். இளைத்திருந்தார். அதற்குள் பொன்மலையை விட்டுக் கைலாசபுரத்திற்குக் குடிபெயர்ந்திருந்தார். புதிதாக எழுந்த பெருந்தொழிற்சாலையில் அவருக்கும் அவர் தம்பியான எங்கள் சித்தப்பாவுக்கும் வேலை கிடைத்திருந்தது; சித்தப்பாவும் அவர் மனைவியான சித்தியும் அவரோடே குடியிருந்தார்கள். தம்பி அவரைக் கண்டதும் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். “போயிட்டு வா” என்றாள். அவன் ஓடினான். அப்பா குந்தி அமர்ந்து, அவன் சட்டையில் பூட்டாமல் விட்டிருந்த கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். பூட்டிய பின்னும் கையை எடுக்காமல் அவன் சட்டைக் கழுத்தை நீவிக்கொண்டே இருந்தார். அவருக்கும் அவன் வேண்டியிருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதை எனக்கு எளிதாகும், உண்மையாகாது. பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

“படிக்கிறியா?”

“படிக்கிறேங்கப்பா.”

அவ்வளவே.

நீதிபதியின் அறைக்குள் தம்பியை மட்டுமே அழைத்தார்கள். அவன் என் கையை விடவில்லை. சேவகர் உள்ளே சென்று கேட்டுவந்து, “அக்காவும் வரலாமாம். ஆனா பேசக் கூடாதாம்” என்றார். மேசைக்கு அப்பால் நீதிபதி கறுப்பு அங்கியைக் களைந்துவிட்டு அமர்ந்திருந்தார். அன்பான முகம். பேரப்பிள்ளைகள் உடையவராக இருக்க வேண்டும். “நீ இங்க ஒக்காந்துக்க, பாப்பா. தம்பிதான் பேசணும். நீ குறுக்க ஒண்ணும் சொல்லக் கூடாது. சரியா?” என்றார். நான் தலையசைத்தேன்.

வகுப்பைக் கேட்டார். வாய்ப்பாடு கேட்டார். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டார். “இன்னும் வரலைங்க, கழுதைதான் நிக்குது” என்றான். அவர் உரக்கச் சிரித்தார். பிறகு தட்டில் இருந்த பிஸ்கட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

“எடுத்துக்க.”

“வேண்டாங்க.”

“பிடிக்காதா? நல்லா இருக்கும், எடுத்துக்க.”

“போதுங்க.”

“இன்னும் எடுக்கவே இல்லையேப்பா. நான் சொல்றேன்ல, எடுத்துக்க.”

எடுத்துக்கொண்டான். இரு கைகளாலும் பிடித்து, துகள் சிந்தாமல் தின்றான். அம்மா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாள்.

நீதிபதி முன்னால் சாய்ந்தார். “இப்ப ஒண்ணு கேக்கறேன். பயப்படாமச் சொல்லணும். உங்க அம்மாகிட்ட இருக்க ஆசையா, அப்பாகிட்டப் போக ஆசையா?”

தம்பி நேராக நிமிர்ந்து அமர்ந்தான். “எதுனாலும் சரிங்க.”

அவன் குரலைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அது தட்டின் முன் அவன் வைத்துக்கொள்ளும் குரல். பெரியவர் ஒருவர் வெளிவீட்டில் எதையோ கொடுக்க வருகிறார். அவன் முதல் மறுப்பைச் சொல்லிவிட்டான். நான் வாய் திறந்தேன். நீதிபதி என்னைப் பாராமலே ஒரு விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

“அம்மாகூடவே இருக்கணும்னு தோணலையா உனக்கு?” என்று அவர் மீண்டும் கேட்டார்.

“நீங்க சொல்றபடிங்க.”

இரண்டாம் மறுப்பு. அவன் கால்கள் நாற்காலிக்குக் கீழே ஆடத் தொடங்கின. மகிழ்ச்சியை அடக்கிக்கொள்ளும்போது அவன் கால்கள் அப்படி ஆடும். வரப்போவது அவனுக்குத் தெரியும். இன்னும் ஒருமுறை கேட்பார்; அப்போது வாங்கிக்கொள்ளலாம். அவன் அவர் முகத்தையே பார்த்திருந்தான். நானும் பார்த்திருந்தேன்.

நீதிபதி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். “நல்ல பையன்” என்றார். மணியை அழுத்தினார்.

பிஸ்கட்டுக்கு அவர் மும்முறை கேட்டார். அம்மாவுக்கு இருமுறை கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே வந்ததும் தம்பி என்னிடம், “அவ்வளவுதானாக்கா?” என்று கேட்டான். அம்மா குந்தி அமர்ந்து அவன் முகத்தைத் துடைத்தாள். “மரியாதையாப் பேசினியா?” என்றாள். “பேசினேம்மா” என்றான். அன்று திரும்பும் வழியில் மாமா அவசரப்படுத்தியதால் கழுதைகளைப் பார்க்க இறங்கவில்லை.

அன்று மாலையே அறைக்குள் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் சென்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். “எனக்கு நீ சொல்றது புரியுது பாப்பா. எங்க வீட்டுலயும் இதே பழக்கம்தான்” என்றார். பிறகு அம்மாவிடம், “ஆனா இத எப்படிம்மா எழுதறது? பையன நாங்க ரொம்ப ஒழுங்கா வளர்த்துட்டோம், அதனால அவன் இல்லைன்னு சொன்னா ஆமான்னு எடுத்துக்குங்கன்னு ஒரு மனு போட முடியுமா?” என்றார்.

தீர்ப்பு வந்தது. அப்பா நல்ல வேலையில் இருப்பவர்; ஒழுக்கத்தில் குறையில்லாதவர்; தொழிற்சாலைக் குடியிருப்பில் பள்ளியும் மருத்துவமனையும் உள்ளன; சித்தி வீட்டைக் கவனிக்கிறாள். தாயும் குறையற்றவளே. சிறுவன் அறிவுள்ளவன், எவரிடமும் அச்சமோ வெறுப்போ இல்லாதவன், தனக்கென விருப்பம் எதையும் தெரிவிக்காதவன். ஆதலால் இயற்கைக் காப்பாளரின் உரிமையில் தலையிடக் காரணமில்லை. ஞாயிறுதோறும் காலை முதல் மாலை வரை தாய் அவனைப் பார்க்கலாம். வழக்கறிஞர் இவற்றை ஒவ்வொன்றாகத் தமிழில் எடுத்துச் சொன்னார். அவற்றுள் ஒன்றைக்கூடப் பொய்யென்று எங்களால் தள்ள முடியவில்லை.

மாமா சென்னைக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார். வழக்கறிஞரும், முயன்று பார்க்கலாம், அங்கும் குழந்தையை அழைத்துக் கேட்கும்படி வேண்டலாம் என்றார். இம்முறை அவன் என்ன சொல்ல வேண்டுமென்று முன்பே புரியவைத்துவிடலாம் என்று குமாஸ்தா மெல்லச் சேர்த்துக்கொண்டார். அவரை அன்று எவரும் அடக்கவில்லை.

அம்மா நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். “வேண்டாம்” என்றாள்.

“என்ன வேண்டாங்குற?” என்றார் மாமா. “உம் புள்ளைம்மா அவன்.”

“எம் புள்ளைதாண்ணே. அதனாலதான். அங்க பேசாத வீட்டுல ரெண்டு பேருக்கும் நடுவுல அவனத்தான் நிறுத்தி வச்சிருந்தோம். இங்க கோர்ட்டுலயும் நிறுத்தியாச்சு. இன்னொரு தரம் அவனக் கொண்டுபோய் நிறுத்தி, அம்மா வேணுமா அப்பா வேணுமான்னு கேக்க விட மாட்டேன். சொல்லிக் குடுத்து அவங்கப்பா வேண்டாம்னு அவன் வாயால வரவச்சா, அவன் பெரியவனாகி அத நெனைச்சுப் பார்க்க மாட்டானா?”

மாமா எழுந்து சன்னலருகே போய் நின்றார். அவளுக்கு இருந்த உரிமையில் எஞ்சியது அந்த ஒரு முறையீடுதான்.

ஒப்படைக்கும் நாளில் அப்பா வீட்டுக்கு வரவில்லை. தெருமுனையில் சோடாக் கடை அருகே நின்றார். அம்மா தம்பியின் பையைத் தூக்கிக்கொண்டு பாதித் தெரு வரை நடந்தாள். அங்கே நின்று குனிந்தாள். அவன் இரு கைகளாலும் அவள் காதைக் குவித்து ஏதோ சொன்னான். அம்மா கண்களை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ஞாயித்துக்கெழம” என்றாள்.

அவன் மறுபடியும் காதில் சொன்னான்.

“ஞாயித்துக்கெழம, ராசா. அப்பா நிக்கிறாங்க பாரு.”

அவன் பையை வாங்கிக்கொண்டு போனான். அவன் காதில் சொன்னது என்ன என்று நான் அம்மாவைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. அப்பா அவனைச் சோடாக் கடையருகே விட்டுவிட்டு, மாலையில் அதே இடத்திற்கு வருவார். “அப்பா அஞ்சு மணிக்கு வருவாங்களாம்மா” என்று தம்பி சொல்வான். “சரின்னு சொல்லு” என்பாள் அம்மா. பழைய வேலை மட்டும் அவனை விட்டு நீங்கவில்லை. தொடக்கத்தில் அவன் வந்ததும் வராததுமாக அம்மாவின் காதுக்குத்தான் ஓடுவான். அவள் வாரம் முழுவதும் எதையெதையோ எண்ணிச் சேர்த்து வைத்திருப்பாள். அவன் சொல்லுமுன்னரே எடுத்துக் கொடுப்பாள். கைலாசபுரத்தில் அவனுக்கு எக்குறையும் இல்லை. சித்தி மணப்பாறைக்காரி, கலகலப்பானவள். எங்களுக்கும் முறுக்குக் கொடுத்தனுப்புவாள். அகன்ற சாலைகளையும், பள்ளித் திடலையும், தன்னோடு பந்து விளையாடும் பிள்ளைகளையும் பற்றி அவன் ஓயாமல் பேசுவான். அவன் அழுதுகொண்டு வந்திருந்தால் அம்மா எதனோடாவது போரிட்டிருப்பாள். அவன் நலமாக இருந்தான். அவன் நலமாக இருப்பதைத்தான் அவளும் விரும்பினாள்.

காதில் சொல்வது எப்போது நின்றது என்று என்னால் கூற இயலாது. வளர்ந்துவிட்டான், கூச்சம் வந்துவிட்டது என்று அத்தை சொன்னாள். இருக்கலாம். தேர்வு என்றும் விளையாட்டு என்றும் சில ஞாயிறுகள் தவறின. சித்தி வீட்டுப் பேச்சின் சில சொற்கள் அவன் நாவில் ஏறின.

அவ்வாறு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா தோசை வார்த்தாள். ஓரம் முறுகும் வரை காத்திருந்து எடுத்தாள். அவன் கைகால் கழுவி வந்து, தடுக்கில் முதுகை நிமிர்த்தி அமர்ந்து, சிந்தாமல் தின்றான். நான் எதிரில் அமர்ந்திருந்தேன். அம்மா கரண்டியில் அடுத்த தோசையோடு வந்தாள்.

“இன்னொண்ணு வைக்கட்டா?”

“வேண்டாங்க.”

அம்மா கரண்டியை ஏந்தியபடி நின்றாள். “ஓரம் முறுகலா இருக்கு தம்பி. ஒண்ணே ஒண்ணு.”

“போதுங்க.”

அவன் பணிவோடு, சற்றே புன்னகைத்தபடி சொன்னான். தவறேதும் இல்லை. அவள் கற்பித்தது ஓர் எழுத்தும் பிசகாமல் அவனிடம் இருந்தது. தோசையின் ஓரம் கரண்டியில் மெல்ல மடிந்து தொய்வதை நான் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

“அம்மா கேக்கறேன். வைக்கட்டுமா?”

“சரி, வைங்க” என்றான்.

வைத்தாள். அவன் முழுவதையும் விரும்பித் தின்றான். அவள் அடுப்படிக்குள் சென்று நெடுநேரம் வரவில்லை.

மாலையில் அவன் புறப்பட்டான். பாதித் தெரு வரை நாங்கள் மூவரும் நடந்தோம். சோடாக் கடையருகே அப்பா வந்து நின்றிருந்தார். எப்போதும் நிற்கும் இடத்தில் அம்மா நின்றாள். தலையைச் சற்றே சாய்த்துக் குனிந்தாள். இப்போது அவன் அவள் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தான். அவ்வளவு குனிய வேண்டியதில்லை. பழக்கத்தால் குனிந்தாள்.

தம்பி அவள் குனிந்ததைப் பார்த்தான். பையை என்னிடம் கொடுத்தான். பின்பு, பெரியவர்களிடம் விடைபெறும்போது செய்ய வேண்டிய முறைப்படி, அவள் கால்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“போயிட்டு வரேங்க” என்றான்.